அர்த்தம் தெரிந்தும் தவறிய 52 விடைகள்: ஹெசி ஏ2 சொல்வளப் பகுதிக்கான தயாரிப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸை ஒட்டிய ஒரு நகரில் நடந்தது இது. தேர்வெழுதியவருக்கு வயது 34. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பிறகு வேதியியலில் பட்டம் பெற்றவர். திருமணத்துக்குப் பின் அமெரிக்கா வந்து, சி.என்.ஏ. எனப்படும் செவிலியர் உதவியாளர் பயிற்சியை முடித்து, முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை வேலை பார்த்துவந்தார். குளிப்பாட்டுவது, படுக்கையில் திருப்பிவிடுவது, இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் குறிப்பது, குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் அளந்து எழுதுவது ஆகியவை அவருடைய அன்றாட வேலைகள். ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற செவிலியர் ஆக வேண்டும் என்பதற்காகப் பக்கத்திலிருந்த சமுதாயக் கல்லூரியின் இரண்டாண்டுச் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க முடிவெடுத்தார்.

அந்தக் கல்லூரி கேட்ட நுழைவுத் தேர்வு ஹெசி ஏ2. இதை வழங்குவது எல்செவியர் நிறுவனம். வாசிப்பு, சொல்வளம், இலக்கணம், கணக்கு, உடற்கூறும் உடலியங்கியலும், உயிரியல், வேதியியல், இயற்பியல் எனப் பல பகுதிகள் இதில் உண்டு. எந்தெந்தப் பகுதி வேண்டும், குறைந்தபட்ச மதிப்பெண் எவ்வளவு, மறுபடி எப்போது எழுதலாம் என்பதையெல்லாம் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கெனத் தீர்மானித்துக்கொள்கிறது. இந்தக் கல்லூரி முதல் ஐந்து பகுதிகளை மட்டும் கேட்டது; ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வேண்டும்; தவறினால் 60 நாள் கழித்து ஐந்தையும் சேர்த்து மறுபடி எழுத வேண்டும். பிற கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்கள் இந்த விதிகளைத் தங்களுக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சொல்வளப் பகுதியில் 55 கேள்விகள். அவற்றில் 50-க்குத்தான் மதிப்பெண். மீதி 5 சோதனைக் கேள்விகள், எவை என்று தேர்வெழுதுபவருக்குத் தெரியாது. பெரும்பாலும் ஒரு வாக்கியம் கொடுத்து, அதில் அடிக்கோடிட்ட சொல்லின் பொருளை நான்கு விருப்பங்களிலிருந்து தேர்வுசெய்யச் சொல்வார்கள். மருந்துப் பெயர்களும் நோய்ப் பெயர்களும் நிறைய வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அட்வர்ஸ், அட்ஹியர், லேட்டன்ட், ஓவர்ட், இம்பேர்ட், ரேஷனேல் போன்ற பொது ஆங்கிலச் சொற்கள், மருத்துவமனைச் சூழலில் எந்தப் பொருளில் வருகின்றன என்பதுதான் பெரும்பாலும் சோதிக்கப்படுகிறது.

முதல் தயாரிப்பும் முதல் முடிவும்

அவர் இணையத்திலிருந்து ஏறத்தாழ 1,000 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை இறக்கிக்கொண்டார். 200 பக்க நோட்டில் மூன்று பத்தி: ஆங்கிலச் சொல், தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, ஒற்றைச் சொல்லில் தமிழ் அர்த்தம். ஒரு நாளைக்கு 25 சொல் என 40 நாளில் பட்டியல் முடிந்தது. வலப்பக்கப் பத்தியை அட்டையால் மூடிக்கொண்டு மேலிருந்து கீழாகச் சொல்லிப்பார்ப்பதுதான் அவருடைய பயிற்சி. நோட்டை மூடிவிட்டுக் கேட்டாலும் பத்துக்கு ஒன்பது சொல்லுக்குத் தமிழ் அர்த்தம் சொல்லிவிடுவார். உழைப்பில் எந்தக் குறையும் இல்லை.

முடிவு வந்தபோது கணக்கில் 88, உடற்கூறில் 84, இலக்கணத்தில் 80, வாசிப்பில் 78. சொல்வளத்தில் மட்டும் 66. அதாவது 50-க்கு 33.

அவருடைய முதல் எண்ணம், இன்னும் 1,000 சொல் சேர்த்துப் படிப்பது. அதே இல்லத்தில் பணிபுரிந்த, தமிழ் பேசும் மூத்த செவிலியர் ஒருவரிடம் பேசியபோதுதான் பாதை மாறியது. “அக்கா, அர்த்தம் எல்லாம் மனப்பாடமாத் தெரியும். வாக்கியத்துல வந்தா குழம்பிடுது” என்றார் இவர். “அப்போ புதுசாப் படிக்காதேம்மா. எதுல தப்புப் பண்றேன்னு முதல்ல எழுதிப் பார்ப்போம்” என்றார் அவர்.

பிழைகளைப் பிரித்தபோது

உண்மைத் தேர்வின் கேள்விகள் திரும்பக் கிடைக்காது. பகுதிவாரியான மதிப்பெண்தான் தெரியும். எனவே 50 கேள்விகள் கொண்ட மாதிரித் தேர்வு மூன்றை மூன்று வெவ்வேறு நாட்களில் எழுதவைத்தார் மூத்த செவிலியர். 150-க்கு 98 சரி, 52 தவறு. உண்மைத் தேர்வின் 66-ஐ ஒட்டியே இருந்ததால், இந்த மாதிரியை நம்பி மேலே போகலாம் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு தவறுக்கும் எதிரே ‘இந்த விடையை ஏன் தேர்ந்தெடுத்தேன்’ என்று ஒரு வரி எழுதினார். தேர்வு முடிந்த அன்றே எழுதியதால்தான் காரணம் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்திருந்தால் எல்லாமே ‘தெரியவில்லை’ என்றுதான் பதிவாகியிருக்கும்.

52-ல் அவர் பார்த்தேயிராத சொற்கள் 6. மீதி 46-ம் அவருடைய நோட்டில் ஏற்கெனவே இருந்தவை. ஆயிரம் சொல் கூடுதலாகச் சேர்த்திருந்தாலும் அந்த 46 அப்படியேதான் இருந்திருக்கும்.

பெரிய தொகுப்பு 17: இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களுக்கு ஒரே தமிழ்ச் சொல்லை எழுதிவைத்தவை. அக்யூட், சிவியர், ஸ்ட்ரிக்ட் மூன்றுக்கும் நோட்டில் ‘கடுமையான’ என்றே இருந்தது. ஆனால் அக்யூட் என்பது வலியின் கடுமையைச் சொல்லவில்லை. திடீரெனத் தொடங்கிக் குறுகிய காலம் இருப்பதைச் சொல்கிறது. அதன் எதிர்ச்சொல் க்ரானிக், நாள்பட்டது. லேசான அக்யூட் வலியும் உண்டு, கடுமையான க்ரானிக் வலியும் உண்டு. விருப்பங்களில் ‘சிவியர்’ என்று ஒன்று இருந்தால் இவர் கை நேராக அங்கே போயிற்று. சைன், சிம்டம் இரண்டுக்கும் ‘அறிகுறி’ என்று எழுதியிருந்தார். செவிலியர் தானே பார்த்தோ அளந்தோ அறிவது சைன்: தடிப்பு, காய்ச்சல், வீக்கம். நோயாளி சொன்னால்தான் தெரிவது சிம்டம்: குமட்டல், வலி, தலைசுற்றல். இம்ப்ளை, இன்ஃபர் இரண்டும் ‘குறிப்பால் அறிதல்’ என்று இருந்தன. பேசுபவர் குறிப்பாகச் சொல்வது முன்னது, கேட்பவர் அதிலிருந்து ஊகித்துக்கொள்வது பின்னது.

அடுத்து 13, உருவமும் ஒலியும் ஒத்தவை. இங்கே நோட்டின் நடுப்பத்திதான் கெடுதல் செய்திருந்தது. டைலேட் என்றால் விரிவடைதல், டைல்யூட் என்றால் நீர் சேர்த்துச் செறிவைக் குறைத்தல். வேகமாகப் படித்த கண்ணுக்கு இரண்டும் ஒன்று. விழுங்க முடியாமையைக் குறிக்கும் டிஸ்ஃபேஜியாவையும் பேச்சுக் கோளாற்றைக் குறிக்கும் டிஸ்ஃபேசியாவையும் நோட்டில் ‘டிஸ்பேசியா’ என்றே எழுதியிருந்தார். இலியம் என்று தமிழில் எழுதினால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியா, இடுப்பெலும்பின் மேற்பகுதியா என்று தெரியாது. ஆங்கிலத்தில் நடு எழுத்து ‘இ’ என்றால் குடல், ‘ஐ’ என்றால் எலும்பு. டிஸ்க்ரீட் இன்னும் சங்கடம்: இரண்டு வேறு சொற்கள், உச்சரிப்பு முற்றிலும் ஒன்றே. இரண்டு ‘இ’ எழுத்தும் சேர்ந்து நின்றால் ‘பக்குவமாக, பிறர் அறியாமல்’. நடுவில் ‘டி’ புகுந்து இரண்டையும் பிரித்தால் ‘தனித்தனியான’. பிரிக்கும் எழுத்தே பொருளையும் சொல்வதால், ஒருமுறை காட்டியபின் இது அவருக்கு மறக்கவில்லை.

மூன்றாவது தொகுப்பு 11: வேறு பொருளில் நன்றாகத் தெரிந்த சொற்கள். பேடன்ட் என்றதும் கண்டுபிடிப்புக்கான உரிமை நினைவுக்கு வருகிறது. இரத்தக் குழாயையோ சுவாசப் பாதையையோ பேடன்ட் என்றால் அடைப்பின்றித் திறந்திருக்கிறது என்று பொருள். டிப்ரெஸ் என்றால் மனச்சோர்வு என்று நினைத்தார். வாக்கியத்தில் அது கீழ்நோக்கி அழுத்துவது. கான்ட்ராக்ட் என்றதும் ஒப்பந்தம். ஆனால் தசை கான்ட்ராக்ட் ஆனால் சுருங்குகிறது, நோயைக் கான்ட்ராக்ட் செய்தால் தொற்றிக்கொள்கிறது. சொல்லின் ஒரு துண்டைப் பிடித்து ஊகித்தவையும் இதில் உண்டு. ஓசையின்றி மெல்ல வளர்ந்து தீங்கு செய்வதைக் குறிக்கும் இன்சிடியஸ் என்ற சொல்லில் ‘இன்சைட்’ தெரிந்ததால் ‘உட்புறமான’ என்று குறித்திருந்தார்.

எஞ்சிய 5, வாக்கியத்தில் இருந்த ‘நாட்’, ‘எக்செப்ட்’ போன்ற சொற்களைக் கவனிக்காமல் விட்டவை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. லெதார்ஜிக், டிஸ்டென்டட், இன்டாக்ட், ஃப்ளஷ்ட், சப்லிங்குவல் ஆகியவற்றை மூன்று தேர்விலும் அவர் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. இவை எல்லாம் பணி மாற்றத்தின்போது செவிலியர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுப் பழகியவை. நோட்டில் இவற்றுக்கு அவர் தனியாக நேரம் செலவிட்டதே இல்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் பட்டியலைக் குறைத்தார்கள். ஆயிரம் சொல்லையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்து, தயங்காமல் பொருள் சொன்னதை அடித்துவிட்டார். தயங்கினால் தெரியாது என்றே கணக்கு. மிஞ்சியது 280.

அடுத்த முடிவில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. தமிழை முழுவதும் விட்டுவிட்டு ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே படிக்க வேண்டும் என்பது மூத்த செவிலியரின் முதல் யோசனை. பயிற்சி மையங்கள் பலவும் இதையே சொல்கின்றன. மூன்று நாள் அப்படிச் செய்துபார்த்தார்கள். ஒரு சொல்லின் விளக்கத்தில் வரும் இன்னொரு சொல் தெரியாமல் அதைத் தேடப்போய், ஒரு மணி நேரத்தில் ஆறு சொல்தான் நகர்ந்தது. கோளாறு தமிழில் இல்லை, ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று எழுதியதில்தான் இருந்தது. தமிழில் ஒரு வரியாக விளக்கி எழுதினால் வேறுபாடு துல்லியமாக நிற்கிறது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு டிடீரியரேட், எக்ஸாசர்பேட். இரண்டுக்கும் ‘மோசம்’ என்று எழுதியிருந்தார். ‘நோயாளியின் நிலை மோசமாகிறது’ என்பது முன்னது. ‘புகை ஆஸ்துமாவை மோசமாக்குகிறது’ என்பது பின்னது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்த வேறுபாடு இங்கே அப்படியே பொருந்தியது. எனவே தமிழ் இருக்கட்டும், ஒற்றைச் சொல் அர்த்தம் மட்டும் வேண்டாம் என்று முடிவாயிற்று. இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே அதிகம் பயன்பட்டது இதுதான் என்பது எங்கள் மதிப்பீடு.

நோட்டுக்குப் பதில் 3க்கு 5 அங்குல அட்டைகள். முன்பக்கம் சொல் தனியாக இல்லை. ஒரு முழு ஆங்கில வாக்கியம், அதில் அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு. பின்பக்கம் மூன்று வரி: தமிழில் விளக்கம்; குழப்பும் சொல் எது, அதோடு வேறுபாடு என்ன; இல்லத்தில் இந்தச் சொல் எங்கே பொருந்தும். மூன்றாவது வரிக்கு ஓர் எடுத்துக்காட்டு: ரெஸ்ட்ரிக்ட் என்ற அட்டையில், ஒரு நாளைக்கு 1,500 மில்லிலிட்டருக்கு மேல் நீர் கூடாது என்ற வகை உத்தரவு, கன்ஸ்ட்ரிக்ட் அட்டையில், டார்ச் ஒளி பட்டதும் கண்ணின் பாப்பா சிறுப்பது. தொடக்கத்தில் இரண்டு அட்டைகளில் அறை எண்ணையும் அங்கே தங்கியிருந்தவரின் பெயரின் முதல் எழுத்தையும் எழுதிவிட்டார். 1996-ல் வந்த ஹிப்பா சட்டம் நோயாளியை அடையாளம் காட்டும் தகவலை இப்படி வெளியே கொண்டுவர அனுமதிப்பதில்லை. அந்த அட்டைகளைக் கிழித்துவிட்டு, இனி யாரையும் சுட்டாத பொதுவான சூழலை மட்டுமே எழுதுவது என்று வைத்துக்கொண்டார். பணியிடத்திலிருந்து சொற்களைச் சேர்ப்பவர்கள் எல்லோரும் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதுவதை நிறுத்தினார். கைப்பேசி அகராதியின் ஒலியைக் கேட்டு, பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதி, எழுத்துக் கூட்டலைச் சரிபார்த்தார். ஒத்த உருவச் சொற்களுக்கு மட்டும் இது கட்டாயம். 280-க்கும் செய்ய நேரம் போதாது.

முன்னொட்டு, பின்னொட்டு, வேர் என 60 துண்டுகளைத் தனியாக எடுத்தார்கள். ஹைப்பர் மிகுதி, ஹைப்போ குறைவு. டாக்கி விரைவு, ப்ராடி மெதுவு. எண்டோ உள்ளே, எக்ஸோ வெளியே. எக்டமி வெட்டி அகற்றல், ஆட்டமி வெட்டித் திறத்தல், ஆஸ்டமி திறப்பு அமைத்தல். ஆனால் இதற்கு ஓர் எல்லை வைத்தார்கள்: மருத்துவச் சொல்லை மட்டுமே துண்டாகப் பிரிக்கலாம், பொதுச் சொல்லைப் பிரித்து ஊகிக்கக் கூடாது. ஊடுருவ முடியாததைக் குறிக்கும் இம்பர்வியஸ் என்ற சொல்லில் ‘இம்’ எதிர்மறை. உடலுக்குள் புகுவதைக் குறிக்கும் இன்வேசிவ், அழற்சி கண்டதைக் குறிக்கும் இன்ஃப்ளேம்ட் இரண்டிலும் உள்ள ‘இன்’ எதிர்மறை இல்லை. அன்டுவர்டு என்றால் விரும்பத்தகாதது. ‘நோக்கி இல்லாத’ என்று பிரித்தால் எங்கும் போய்ச் சேராது.

விடையளிக்கும் முறையிலும் ஒரு மாற்றம். விருப்பங்களைக் கையால் மூடிக்கொண்டு வாக்கியத்தைப் படிக்க வேண்டும்; தனக்குத் தோன்றும் பொருளை மனதில் சொல்ல வேண்டும்; பிறகுதான் விருப்பங்களைப் பார்க்க வேண்டும். விருப்பங்களை முதலில் பார்த்தால், மனப்பாடம் செய்த சொல் கண்ணில் பட்டதும் வாக்கியம் மறந்துபோகிறது. தேர்ந்தெடுத்ததை வாக்கியத்தில் வைத்து ஒருமுறை படித்துவிட்டு அடுத்ததற்குப் போவது கடைசிப் படி.

60 நாட்கள் எப்படிப் போயின

நாளுக்கு 8 புதிய அட்டை. ஒவ்வொன்றையும் 1, 3, 7, 14, 30-ஆம் நாளில் மறுபடி பார்ப்பது. கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று 1885-லேயே ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் அளந்து வெளியிட்டிருந்தார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்கும் முறைகள் அந்த அடிப்படையில் வளர்ந்தவை. கணக்கு எளிது: 8 அட்டை, 5 மறுபார்வை, ஆக முழு வேகத்தில் நாளுக்கு 40 பழைய அட்டை. தவறியவை மறுபடி முதல் நாளுக்கே திரும்பும் என்பதால் 50 வரை போகும். அட்டைக்கு அரை நிமிடம் வைத்தால் 25 நிமிடம். காலையில் புதியது, வேலைக்குக் கிளம்பும் முன் மறுபார்வை.

மூன்றாவது வாரத்தில் தடுமாறியது. ஆள் பற்றாக்குறையால் இரண்டு நாள் தொடர்ந்து இரட்டைப் பணி. மூன்றாம் நாள் பார்த்தபோது 140 அட்டை சேர்ந்திருந்தது. அவர் புதிய 8-ஐ விடாமல் எடுத்துக்கொண்டு, பழையதை ‘ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்’ என்று ஒதுக்கத் தொடங்கினார். இப்படித் தேங்கினால் இடைவெளி முறையின் பயனே போய்விடும். புதிய அட்டையை நான்கு நாள் முழுமையாக நிறுத்தி, தேங்கியதை நாளுக்கு 60 வீதம் முடித்தபின்தான் மறுபடி தொடங்கினார்.

30-ஆம் நாள் மாதிரித் தேர்வில் 50-க்கு 37. 52-ஆம் நாள் 43. ஒரே தமிழ் அர்த்தத்தால் வந்த பிழை அநேகமாக இல்லாமல் போயிருந்தது. மீதமிருந்த 7 தவறில் 5, பேடன்ட், பரோக்சிஸ்மல், ப்ரெசிப்பிட்டஸ், வைருலன்ட் போன்று ஆங்கில அகரவரிசையின் பிற்பாதியில் வருவதால் கடைசியாகத் தொடங்கிய சொற்கள்.

விளைவு

இரண்டாம் தேர்வில் சொல்வளம் 84, அதாவது 50-க்கு 42. வாசிப்பு 78-லிருந்து 86 ஆயிற்று. வாசிப்புப் பத்திகளிலும் சூழலை வைத்துப் பொருள் காணும் கேள்விகள் வருவதால் அட்டைப் பயிற்சி உதவியிருக்கலாம். பழகிய தேர்வு என்பதாலும் கூடியிருக்கலாம். கணக்கும் உடற்கூறும் ஏறத்தாழ முன்பு போலவே. இலக்கணம் மட்டும் 80-லிருந்து 76-க்கு இறங்கியது. 60 நாளும் அதை அவர் தொடவே இல்லை. இன்னும் ஒரு கேள்வி தவறியிருந்தால் சொல்வளத்தில் பெற்ற 84 இருந்தும் அந்தச் சுற்றில் விண்ணப்பிக்க முடியாமல் போயிருக்கும். தகுதி மதிப்பெண் எல்லாப் பகுதியிலும் கிடைத்ததால், அடுத்த கல்விப் பருவத்துக்கான இடம் அவருக்குக் கிடைத்தது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

மாதிரித் தேர்வும் பிழைப் பட்டியலும் முதல் வாரத்திலேயே வந்திருக்க வேண்டும். 40 நாள் பட்டியல் படிப்புக்குப் பிறகு தெரிந்தது, இரண்டு மாதிரித் தேர்விலேயே தெரிந்திருக்கும்.

அட்டைகளை அகரவரிசையில் எடுத்தது தவறான தேர்வு. 30-ஆம் நாளுக்குப் பிறகு தொடங்கிய அட்டைகள் எதற்கும் தேர்வுக்கு முன் ஐந்தாவது மறுபார்வை வராது. நான்கு நாள் நிறுத்தம் அந்த எண்ணிக்கையை இன்னும் கூட்டிவிட்டது. குழப்பும் இணைகளை முதல் பத்து நாளில் சேர்த்தே எடுத்து, ஓரளவு தெரிந்தவற்றைக் கடைசிக்குத் தள்ளலாம். இணையில் ஒன்றை இன்றும் மற்றொன்றை மூன்று வாரம் கழித்தும் படித்தால் வேறுபாடு மனதில் பதிவதில்லை. டைலேட் அட்டையோடு டைல்யூட் அட்டையும் ஒரே நாளில் வர வேண்டும்.

வாரத்தின் ஏழு நாளும் 8 புதிய அட்டை என்ற அளவு விடுமுறை இல்லாதவருக்குச் சற்று அதிகம். வாரத்தில் ஐந்து நாள் மட்டும் புதிய அட்டை, இரண்டு நாள் மறுபார்வை மட்டும் என்று வைத்திருந்தால், நாளுக்கு 8 வீதம் ஏழு வாரத்தில் 280 முடியும். இரட்டைப் பணி வந்தாலும் தாங்கியிருக்கும்.

முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டிய கல்லூரி என்றால், தேறிய பகுதிகளுக்கும் நாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். வாரம் ஒருமுறை 20 இலக்கணக் கேள்வி போட்டுப் பார்த்திருந்தால் 80 இறங்குவது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

‘நாட்’, ‘எக்செப்ட்’ பிழைகளுக்குத் தனிப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. 52-ஆம் நாள் மாதிரித் தேர்விலும் அதே வகைத் தவறு ஒன்று இருந்தது. எதிர்மறைச் சொல்லைப் பார்த்ததும் கொடுத்திருக்கும் வெள்ளைத் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு விருப்பங்களுக்குப் போவது போன்ற சிறிய பழக்கம் ஒன்றை மாதிரித் தேர்வுகளிலிருந்தே கொண்டுவர வேண்டும்.